மலையே நாறும் என்றால் பாராட்டு: சொல்லின் பொருள் எப்படி மாறுகிறது?

கோடையில் நல்ல மழை ஒன்று விழுந்து பத்து நாள் போனால் ஏற்காட்டுக் காபிச் செடிகள் எல்லாம் ஒன்றாகப் பூத்துவிடும். கிளை நெடுக வெள்ளை வெள்ளையாகப் பூ. மல்லிகையை நினைவுபடுத்தும் வாசம் தோட்டத்து வேலியைத் தாண்டி ரோடு வரைக்கும் வரும். அங்கே வண்டியை நிறுத்திவிட்டு "அடடா, மலையே நாறுது" என்று ஒருவர் சொன்னால் தோட்டக்காரருக்கு முகம் சுருங்கிப் போகும். ஆண்டாள் காலத்து ஆள் ஒருவர் அதே பூவின் பக்கத்தில் நின்றிருந்தால் அதே சொல்லைத்தான் சொல்லியிருப்பார், மனம் நிறைந்த பாராட்டாக.

கண்ணனின் வாய் எப்படி மணக்கும் என்று ஆண்டாள் சங்கைப் பார்த்துக் கேட்கிறாள்: "கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ." திருக்குறள் 1274-இல் மொட்டுக்குள் அடங்கியிருக்கும் மணத்துக்குப் பெயர் நாற்றம்: "முகைமொக்குள் உள்ளது நாற்றம்." ஐம்புலன்களைச் சொல்லும் 27-ஆம் குறளில் "சுவைஒளி ஊறுஓசை நாற்றம்" என்று வருகிறது. அங்கே நாற்றத்தில் நல்லது கெட்டது எதுவும் ஒட்டியிருக்கவில்லை. மூக்கு அறிவது எதுவோ அது நாற்றம், அவ்வளவுதான்.

அப்படி இருந்த சொல் எப்படி மூக்கைப் பொத்த வைக்கும் சொல்லாக ஆனது? நாம் எப்போது வாசத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். நல்ல வாசம் வந்தால் மூச்சை இழுத்து அனுபவித்துவிட்டுப் பேசாமல் போய்விடுவோம். கெட்ட வாசம் வந்தால்தான் வாயைத் திறந்து சொல்வோம், காரணம் தேடுவோம், பக்கத்து வீட்டாரிடம் சண்டைக்கும் போவோம். ஆகவே அந்தச் சொல் பெரும்பாலும் கெட்ட வாசத்தோடே பேச்சில் வருகிறது. கூட நின்று கேட்கும் குழந்தை, அந்தச் சொல்லே கெட்ட வாசத்தின் பெயர் என்று எடுத்துக்கொள்கிறது. தன் காதில் விழுந்ததை வைத்துப் பார்த்தால் குழந்தையின் கணிப்பில் பிழையே கிடையாது. அந்தக் குழந்தை வளர்ந்து தன் பிள்ளைகளிடம் அப்படியே பேசுகிறது. யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை. ஆனாலும் சில தலைமுறைகளில் சொல் வேறு இடத்துக்குப் போய்விடுகிறது.

அகராதியைப் பார்த்து யாரும் தாய்மொழி கற்பதில்லை, கேட்டுத்தான் கற்கிறோம். சொற்பொருள் மாறுவதைப் புரிந்துகொள்ள இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

இந்தச் சொல் முன்பு நடுநிலையாக இருந்தது என்பதற்குப் பழைய பாட்டுகளைத்தான் தேட வேண்டும் என்பதில்லை. இன்றைய செய்தித்தாளிலேயே சாட்சி கிடைக்கும்: துர்நாற்றம். நாற்றம் என்றாலே கெட்டது என்றால் அதன் முன்னால் எதற்கு 'துர்'? நல்லதும் கெட்டதும் நாற்றமாக இருந்த காலத்தில், கெட்டதைப் பிரித்துச் சொல்ல அந்த ஒட்டு தேவைப்பட்டது. கூட்டுச்சொற்கள் பழைய பொருளை இப்படித் தமக்குள் காப்பாற்றி வைத்திருக்கும். இது எனக்கு மிகவும் பிடித்த துப்பு, இந்தக் கட்டுரையில் திரும்பத் திரும்ப வரும்.

அப்புறம் வாடை. வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றின் பெயர் அது. இன்று நம் பேச்சில் அதுவும் பாதிக்கு மேல் கெட்ட வாசம்தான். அடுத்து 'ஸ்மெல்' வந்தது. ஆத்தூர் பஸ் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலையின் கழிவுநீர்க் குட்டையைத் தாண்டும்போது உள்ளே ஒருவர் "என்ன ஸ்மெல்லுப்பா" என்றால், கேட்பவர்கள் ஜன்னலைச் சாத்துவார்களே தவிர நல்ல வாசம் என்று எட்டிப் பார்க்க மாட்டார்கள். மூன்று சொற்கள், மூன்றும் ஒரே சரிவில் இறங்குகின்றன. இப்படித் தாழ்ந்து போவதற்கு மொழியியலில் இழிபொருட்பேறு என்று பெயர். இதற்கு எதிரானது உயர்பொருட்பேறு. களிப்பு என்றால் ஒரு காலத்தில் குடிபோதை. "களித்தானைக் காரணம் காட்டுதல்" என்ற குறளில் (929) வருபவன் குடித்து நிதானம் இழந்தவன். இன்று விழாவில் மக்கள் களித்தார்கள் என்று எழுதினால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

மேலே ஏறுவது, கீழே இறங்குவது தவிர, பொருள் அகலும், சுருங்கும். சுருங்கியதற்கு நல்ல உதாரணம் கறி. ஏற்காட்டுத் தோட்டங்களில் சில்வர் ஓக் மரங்களைச் சுற்றி மிளகுக் கொடி ஏறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சங்க காலத்தில் அந்தக் கொடியின் பெயர்களில் ஒன்று கறி. முசிறித் துறைமுகத்துக்கு வந்த யவனர் கப்பலைப் பற்றி அகநானூறு 149-ஆம் பாடல் "பொன்னொடு வந்து கறியொடு பெயரும்" என்கிறது. தங்கத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு மிளகை ஏற்றிக்கொண்டு போனார்கள். இன்று சேலத்துப் பிள்ளை ஒருவரிடம் இந்த வரியை மட்டும் காட்டினால், தங்கத்தைக் கொடுத்துவிட்டு ஆட்டுக்கறியை வாங்கிப் போனார்களா என்றுதான் கேட்பார். சேலத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை "கறி எடுக்கப் போறேன்" என்றால் அதற்கு வேறு அர்த்தமே இல்லை.

ஆனால் சமைத்த பதார்த்தம், காய் எல்லாவற்றுக்கும் கறி என்று வழங்கிய விரிந்த பொருள் சாகவில்லை. காய்கறி என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். பிராமணர் வீடுகளில் வாழைக்காய்க் கறி என்றால் பொரியல் மாதிரியான பதார்த்தம். இலங்கைத் தமிழர் காய்கறியை மரக்கறி என்பார்கள். ஒரே சொல் ஒவ்வொரு கூட்டத்திடமும் ஒவ்வோர் இடத்தில் நிற்கிறது. மாற்றம் எல்லோரிடமும் ஒரே நாளில் நடப்பதில்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட எனக்கு வேறு சொல் தெரியவில்லை. சொல்ல மறந்த இன்னொன்று: அமெரிக்கக் கண்டத்துச் செடியான மிளகாய் போர்ச்சுக்கீசியர் வழியாக நம் ஊருக்கு வந்தபோது, பழகிய உறைப்பின் பெயரையே அதற்கும் ஒட்டினார்கள். மிளகு, காய், மிளகாய்.

இதுவரை சொன்னவற்றில் சொல் நகர்ந்தது. பல இடங்களில் சொல் அசையாமல் நிற்கும், அது குறிக்கும் பண்டம்தான் மாறிப் போகும். சேலத்தைச் சுற்றிப் பார்த்தால் இதற்குப் பஞ்சமே இல்லை.

ஜவ்வரிசியை எடுத்துக்கொள்வோம். பாயசத்தில் போடும் அந்த உருண்டைகள் முதலில் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்தவை. அங்கே சாகு என்று ஒரு பனை இனம் உண்டு. அதன் தண்டில் இருக்கும் மாவிலிருந்து செய்வார்கள். சேகோ என்ற பெயரே அந்த மலாய்ச் சொல்லிலிருந்து வந்ததுதான். இரண்டாம் உலகப் போரில் இறக்குமதி நின்று போனது. 1943 வாக்கில் சேலத்தில் மரவள்ளிக்கிழங்கு மாவை வைத்து அதே மாதிரி உருண்டை செய்யத் தொடங்கினார்கள். தொழில் வளர்ந்தது, 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவு வந்தது, 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பனையே இல்லாத சேகோ! ஆலையில் வேலை செய்பவர்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் கிழங்குதான் நினைவுக்கு வரும், அது முழுக்கச் சரி. ஜவ்வரிசியில் இருக்கும் அரிசியும் அப்படித்தான். நெல் எங்கே இருக்கிறது அதில்? ஏலக்காய்க்குள் இருக்கும் விதையை ஏலரிசி என்கிறோம், மூங்கிலின் விதை மூங்கிலரிசி. சிறிதாக, உருண்டையாக, தோல் நீக்கி உண்ணத் தகுந்ததாக ஏதாவது இருந்தால் அரிசி என்ற பெயர் அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது.

அந்தக் கிழங்கின் பெயரில் இன்னும் பெரிய கதை இருக்கிறது. வள்ளி என்றால் கொடி. பாரியின் பறம்பு மலையைப் பாடும் புறநானூறு 109-ஆம் பாடலில் "கொழுங்கொடி வள்ளிக் கிழங்கு" வருகிறது. உழாமலே கிடைக்கும் மலைக்கிழங்கு அது, கொடியில் விளைவது. தென் அமெரிக்காவிலிருந்து புதிய கிழங்கு வந்தபோது அதையும் வள்ளி என்றார்கள். ஆனால் அது கொடியாகப் படரவில்லை, குச்சியாக நிமிர்ந்து நின்றது. அதனால் மரவள்ளி. சொல்லைப் பிரித்துப் படித்தால் மரக்கொடி என்று முரணாக வரும். அந்த முரண்தான், பழைய பெயரைப் புதிய பொருளின் மேல் வைத்த தடயம். நம் வட்டாரத்தில் இதைக் குச்சிக்கிழங்கு என்பவர்கள் அதிகம். குச்சியை வெட்டி நட்டால் முளைக்கிறது, பார்த்ததைப் பெயராக வைத்துவிட்டார்கள்.

எண்ணெய் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எள் நெய்தான் எண்ணெய். பிறகு தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், கடைசியில் மண்ணெண்ணெய் வரைக்கும் போய்விட்டது. பெயர் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டதால், எள்ளில் ஆட்டியதற்கு நல்லெண்ணெய் என்று தனிப் பெயர் வைக்க வேண்டியதாயிற்று. இப்படி அகலுவது பொதுப் பொருட்பேறு. கறி போலச் சுருங்குவது சிறப்புப் பொருட்பேறு.

நல்லெண்ணெய்க்கு நடந்ததுதான் தறிக்கும் நடந்தது. தறித்தல் என்றால் வெட்டுதல். வெட்டி நட்ட கட்டை தறி, மாடு கட்டினால் அது கட்டுத்தறி. கட்டைகளை நட்டு நெசவு செய்ததால் நெசவுக்கருவியும் தறியானது. அம்மாபேட்டையிலும் இளம்பிள்ளையிலும் இன்று ஒருவர் "தறி ஓட்டுறேன்" என்றால் மோட்டாரில் ஓடும் விசைத்தறியாகத்தான் பெரும்பாலும் இருக்கும். கையால் நெய்வதைச் சொல்லக் கைத்தறி என்று ஒரு சொல் வேண்டும். தறி எல்லாமே கைத்தறியாக இருந்த காலத்தில் அந்த 'கை'க்கு வேலையே இருந்திருக்காது. ஒரு பொருளின் பெயருக்கு முன்னால் இப்படி ஒரு விளக்கச் சொல் புதிதாக ஒட்டிக்கொண்டால், அந்தத் தொழிலில் ஏதோ பெரியது நடந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

நெசவு என்றதும் அறுவையை விட மனம் வரவில்லை. சங்கப் புலவர்களில் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று ஒருவர் இருந்தார். துணி வியாபாரி அவர். நெய்த நீளத்திலிருந்து அறுத்து எடுத்தது அறுவை, துணித்து எடுத்தது துணி. துணி பிழைத்துக்கொண்டது, அறுவை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. கல்லூரிப் பிள்ளைகளிடம் அது இன்னும் நகர்ந்து, கேட்க முடியாத பேச்சுக்குப் பெயரானது.

சேலம் வெள்ளிக் கொலுசுக்குப் பேர் போன ஊர். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பட்டறைகளில் நாள் முழுக்க வெள்ளியோடு உட்கார்ந்திருப்பவர், தாகம் எடுத்தால் தண்ணீர் குடிப்பது சில்வர் டம்ளரில். இரண்டும் ஒன்றே என்று அவர் ஒரு கணம்கூடக் குழம்புவதில்லை. துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரம் எவர்சில்வர் என்ற பெயரில் நம்மிடம் பரவியது. நீளமான பெயரை வாய் சுருக்கியது, 'எவர்' உதிர்ந்தது, எஃகின் பொருள் முழுவதையும் மிச்சமிருந்த 'சில்வர்' தாங்கிக்கொண்டது. இரண்டில் ஒன்று உதிர்ந்து மற்றது முழுப் பொருளையும் சுமப்பது எந்த மொழியிலும் நடப்பது. மாலையில் தட்டுவடைக் கடை முன்னால் நின்று "ரெண்டு செட்டு" என்றால் போதும், தட்டுவடை என்ற பாதியைச் சொல்லவே வேண்டாம். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவலும் சட்னியும் வைத்துக் கையில் வந்துவிடும்.

உலோகம் என்றால் பொன்னையும் பார்க்க வேண்டும். பொன் இன்று தங்கம் மட்டும். முன்பு உலோகம் எதற்கும் பொதுப்பெயராகவும் வழங்கியது, இரும்பைக் கரும்பொன் என்றார்கள். கஞ்சமலையின் இரும்புத்தாதைப் பார்த்து வளர்ந்த இந்த வட்டாரத்துக்கு அது பொருத்தமான பெயர்தான். பொன் சுருங்கிவிட்டது. ஆனால் ஐம்பொன் சிலை என்று சொல்லும்போது ஐந்து தங்கம் என்று நாம் நினைப்பதில்லை. ஐந்து உலோகம். துர்நாற்றத்தில் பார்த்த அதே துப்புதான் இங்கேயும்.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சங்ககிரியில் "வண்டி லோடுக்குப் போயிருக்கு" என்றால் லாரி. காலேஜ் பையனுக்கு வண்டி பைக். வயதான விவசாயிக்கு மாட்டு வண்டி. குகைப் பகுதியில் ஆடித் திருவிழாவில் நடக்கும் வண்டி வேடிக்கையில் இன்று வருபவை பெரும்பாலும் மோட்டார் வாகனங்கள், பெயரை யாரும் மாற்றவில்லை. அந்த வேடிக்கையும் இன்றைய கிண்டல் வேடிக்கை இல்லை, கண்கொள்ளாக் காட்சி என்ற பொருளில் நிற்கிறது. வாணவேடிக்கையில் இருப்பதும் அதுவே. பெயராகிவிட்ட சொல் பொருளைப் பற்றிக் கவலைப்படாது. சேலம் பழைய பஸ் ஸ்டாண்டை இடித்து ஈரடுக்காகக் கட்டி 2023-இல் திறந்தார்கள். ஆக இன்று பழைய பஸ் ஸ்டாண்டின் கட்டடம் புதிய பஸ் ஸ்டாண்டைவிடப் புதியது. பஸ்ஸில் ஏறுபவர் எவருக்கும் இதில் குழப்பம் கிடையாது.

மரியாதையும் கூச்சமும்கூடச் சொற்களை நகர்த்தும். சாவு என்று சொல்ல வாய் வராமல் 'இறந்தார்' என்றார்கள். இறத்தல் என்றால் கடந்து போதல். இறந்த காலம் என்று இலக்கண வகுப்பில் சொல்வது கடந்து போன காலத்தைத்தான். மென்மைக்காக எடுத்த அந்தச் சொல் சாவோடே பழகிப் பழகி, கடைசியில் சாவின் நேர்ப் பெயராகவே ஆனது. மென்மைக்கு இன்னொன்று வேண்டும் என்று 'காலமானார்' வந்தது, 'தவறிட்டார்' வந்தது. நன்னூல் இந்த வழக்கத்தை மங்கலம் (அமங்கலமானதை நல்ல சொல்லால் சொல்வது), இடக்கரடக்கல் (சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்வது) என்றெல்லாம் வகைப்படுத்தியே வைத்திருக்கிறது. பாத்ரூம் போக வேண்டும் என்று சொல்பவர் குளிக்கப் போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். இன்னும் கொஞ்ச காலத்தில் அந்தச் சொல்லுக்கும் கூச்சம் ஒட்டிக்கொள்ளும், அதன் இடத்துக்கு வேறொன்று வரும்.

இங்கே ஒரு வாதத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும், ஏனென்றால் அடிக்கடி காதில் விழுகிறது. "நாற்றத்தின் உண்மையான பொருள் நறுமணம், மக்கள் தப்பாகப் பயன்படுத்துகிறார்கள்" என்கிறார்கள். பழைய பொருளை அறிந்துகொள்வது பெரிய செல்வம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் பழையது என்பதாலேயே அது உண்மையானது ஆகிவிடாது. கிழவன் என்றால் உரிமையாளன். "செல்லான் கிழவன் இருப்பின்" என்று குறள் (1039) சொல்வது நிலத்துக்குச் சொந்தக்காரனை. ஞாயிற்றுக்கிழமையில் இருக்கும் கிழமையும் அந்த உரிமைதான், அந்த நாள் ஞாயிறுக்கு உரியது. இதைத் தெரிந்துகொண்டு ஓமலூர்ச் சந்தையில் ஒரு பெரியவரைக் கிழவன் என்று அழைத்துவிட்டு, உங்களை நிலக்கிழார் என்றுதான் சொன்னேன் என்று விளக்கம் கொடுத்தால் எடுபடுமா? இன்று பேசுபவரும் கேட்பவரும் ஒன்றாகப் புரிந்துகொள்வதுதான் இன்றைய பொருள். "பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல" என்று நன்னூல் சொன்னதும் இதைத்தான். வழு இல்லை, குற்றம் இல்லை.

சில இடங்களில் இது வெறும் அகராதிச் செய்தியாக நிற்காமல் மனிதர்களைத் தொடுகிறது. சேர்வராயன் மலையில் தலைமுறை தலைமுறையாக வாழும் பழங்குடி மக்களின் பெயர் மலையாளி. மலையை ஆள்பவர்கள், மலையில் வாழ்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர். அவர்கள் பேசுவது தமிழ். அரசின் பழங்குடிப் பட்டியலிலும் இந்தப் பெயரில்தான் இருக்கிறார்கள். சமவெளியில் அதே சொல்லைக் கேட்டதும் கேரளம் நினைவுக்கு வருகிறது. மலைநாட்டின் பெயர் அங்கே மொழியின் பெயராகி, அந்த மொழி பேசுபவரின் பெயருமானது. ஒரே வேரிலிருந்து இரண்டு பக்கம் போன சொல் இது. மலையிலிருந்து சென்னைக்குப் படிக்கப் போகும் மாணவி தன் சமூகத்தின் பெயரைச் சொல்லிவிட்டு, தான் கேரளத்துப் பெண் இல்லை என்று ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டிய நிலை வருவது எனக்கு வருத்தம் தரும் விஷயம். இரண்டு பொருளும் சரியானவை என்று தெரிந்துகொள்ளும் பொறுப்பு கேட்பவர்களுக்கு உண்டு.

மாற்றம் நடந்து முடிந்த கதை என்று நினைத்துவிட வேண்டாம். "பயங்கரமா நல்லா இருந்துச்சு" என்று சாப்பிட்டுவிட்டுச் சொல்கிறோமே, அதில் பயம் எங்கே? அழுத்திச் சொல்லும் சொற்கள் சீக்கிரம் தேய்ந்து போகும், உடனே அடுத்தது தேவைப்படும். நிரம்ப என்பதுதான் வாய்மொழியில் ரொம்ப ஆனது. அது இன்று சாதாரணமாகிவிட்டது. பயங்கரம் வந்தது, செம வந்தது, மரணத்தைக்கூடப் பாராட்டுக்கு முன்னால் ஒட்டிப் பார்த்துவிட்டார்கள். வீட்டில் பதினைந்து வயதுப் பிள்ளை இருந்தால் அடுத்த சொல்லை நீங்கள் முதலில் கேட்பீர்கள்.

நீங்களே தேடிப் பார்க்க விரும்பினால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் நல்ல தொடக்கம். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, இப்போது இணையத்தில் இலவசமாகவே தேடலாம். ஒரு சொல்லுக்கு எண்ணிட்டு வரிசையாகப் பொருள்களைத் தந்து, பல இடங்களில் எந்தப் பழைய நூலில் வந்தது என்றும் காட்டியிருப்பார்கள். "மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா" என்கிறது தொல்காப்பியம். ஒரு சொல் ஏன் அந்தப் பொருளைத் தருகிறது என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடாது. அதனால் ஒரு சொல்லோடு நிறுத்தாமல், அது சேர்ந்து வரும் கூட்டுச்சொற்களையும் பக்கத்தில் எழுதிவைத்துக்கொண்டு பாருங்கள். முகம் பார்க்க வீட்டில் மாட்டியிருப்பது, ஜன்னலில் பதித்திருப்பது, மூக்கின் மேல் உட்கார்ந்திருப்பது, மூன்றுக்கும் எப்படிக் கண்ணாடி என்று ஒரே பெயர் வந்தது என்பதிலிருந்து தொடங்கலாம். 'ஆடி' என்ற சொல்லையும் சேர்த்துத் தேடுங்கள்.